குறை இல்லாதவர்கள் கொண்டுவந்த றோல்ஸ்

பலேர்மோவில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்தெருவில் இருக்கும் அந்தக் கந்தோரில் என்னுடைய கதிரையில் இப்போது தர்சினி இருக்கிறாள். போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டாள். வாசலில் ஒரு புதுக் கருவி பூட்டியிருக்கிறார்களாம். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று அதில் மூன்று பொத்தான்கள். அங்கத்தவர்கள் வெளியே போகும்போது ஒன்றை அமத்திவிட்டுப் போக வேண்டும். பின்னேரம் அதுவே கணக்காகி மேலிடத்துக்குப் போய்விடும்.

“அங்கிள், எங்கடை ஆக்கள் எல்லாரும் சிரிக்கிற மூஞ்சையைத்தான் அமத்துகினம். ஒராள் மிச்சமில்லை. மேலிடம் சந்தோசத்திலை துள்ளுது. எனக்கெண்டா நம்பிக்கை வரேல்லை. நீங்கள் இருக்கேக்கை உதை என்னெண்டு அளந்தனீங்கள்?”

“குசினிக் குளிர்ப்பெட்டிக்குள்ளை இப்ப என்ன கிடக்கு?” என்று கேட்டேன்.

எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “ஒரு தட்டம் பற்றீஸ். கடலை வடை. பிறகு ஆரோ கொண்டந்த பயத்தம் பணியாரம்.”

“அப்ப நிலைமை மோசம், பிள்ளை.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொலைபேசியில் விளங்கப்படுத்துகிற விஷயமும் இல்லை அது. ஓய்வுபெற்ற மனிதனுக்கு வேறு என்ன வேலை, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

நான் அந்தக் கந்தோருக்குப் போனது 2002இல். அதற்கு முன் மொண்டெல்லோவில் கோப்பை கழுவினேன், கடற்கரையில் குடை விரித்தேன், பிறகு ஒரு வயோதிப சிஞ்ஞோராவைப் பல வருடம் பராமரித்தேன். அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை முழுவதும் வாசித்துக் காட்டினால்தான் குளிசை விழுங்குவார். என்னுடைய இத்தாலியன் அப்படி வந்தது. கடைக்குப் போய் உப்புக் கேட்கத் தடுமாறுவேன். ஆனால் பக்கவிளைவுகளைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்பேன். அந்தத் தகுதிதான் என்னை வேலைக்குச் சேர்த்தது.

கந்தோர் ஒரு சுகநல நிதியம். எங்கள் ஆட்கள் அதை ‘மூத்துவா’ என்பார்கள். மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டினால் அட்டை ஒன்று தருவார்கள். எந்த வைத்தியரிடம் போகலாம், எந்தக் கிளினிக்கில் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பதையெல்லாம் நிதியமே தீர்மானிக்கும். அதன் அனுமதி இல்லாமல் ஒரு பல்லைக்கூடப் பிடுங்க முடியாது. அங்கத்தவர்களில் பாதிப் பேர் கபோச் சந்தையில் மீனும் மரக்கறியும் விற்கிற பலேர்மோக்காரர். மற்றப் பாதி, வீட்டுவேலையும் படிக்கட்டுத் துப்புரவும் செய்கிற எங்கள் யாழ்ப்பாணத்தார். இந்த இரண்டாவது பாதியோடு கதைப்பதற்குத்தான் நான்.

மேலதிகாரி டொக்டோரெஸ்ஸா லா ரொக்கா. வைத்தியர் இல்லை, சட்டம் படித்தவர். இத்தாலியில் பட்டம் வாங்கிய எல்லாருமே டொக்டர்தான். அவர் படியேறி வருவதற்கு முன்னமே அவருடைய வாசனைத் திரவியம் வந்துவிடும். கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி. எதைக் கொடுத்தாலும் முதலில் கண்ணாடி இல்லாமல் வாசிப்பார், பிறகு கண்ணாடியோடு வாசிப்பார், பிறகு என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். முடியாது என்று வாயால் சொல்லமாட்டார். பலேர்மோக்காரருக்கே உரிய விதமாக நாடியை மேலே தூக்கி, நாக்கால் ‘இச்’ என்று ஒரு சத்தம் செய்வார். எங்கள் ஆட்கள் தங்கள் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்த ‘இச்’ வரும். “என்ன இரக்கமான மனிசி!” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று விளங்க அவர்களுக்கு ஒரு மாதம் எடுக்கும்.

ஆனால் நல்ல மனிசி. சாப்பாட்டில் உயிர். எங்கள் ஆட்கள் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்துக் கொண்டுவரும் றோல்ஸை முதல் தடவை கடித்தபோது கண்ணை மூடிக்கொண்டு, “இது எங்கள் அரன்சினா சோற்றுருண்டையின் ஒன்றுவிட்ட சகோதரி” என்றார். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்குத் தன்னில் எவ்வளவு அன்பு என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் மறுக்கவில்லை. பங்கு எனக்கும் வந்துகொண்டிருந்தது. என் அரைப்பட்டி இரண்டு ஓட்டை தள்ளிப் போனது.

அப்படி இருக்கும்போதுதான் தரச்சான்றிதழ் என்ற சனியன் வந்து சேர்ந்தது. எங்கள் அங்கத்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்கிற கிளினிக், தரச்சான்றிதழ் இல்லாத நிதியங்களோடு இனி ஒப்பந்தம் இல்லை என்று அறிவித்துவிட்டது. வருட முடிவுக்குள் சான்றிதழ் எடுக்காவிட்டால் அங்கே எங்கள் அட்டைக்கு மதிப்பு இல்லை. திகதிக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் பெரியாஸ்பத்திரி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான்.

சோதிக்க மிலானோவிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ஃபெரெத்தி. ஒட்டி உலர்ந்த மனிதர். மத்தியானம் ஒரு அப்பிள் சாப்பிடுவார், அவ்வளவுதான். பலேர்மோவில் மத்தியானம் அப்பிள் சாப்பிடுகிற ஆளை லா ரொக்கா அதுவரை கண்டதில்லை. முதல் மணித்தியாலத்திலேயே அவரில் நம்பிக்கை இழந்துவிட்டார்.

ஃபெரெத்தி எல்லாவற்றையும் அளந்தார். தொலைபேசி எத்தனையாவது மணியில் எடுக்கப்படுகிறது, அனுமதி எத்தனை நாளில் கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாக. கடைசியில் வாசலில் தொங்கிய நீலநிற முறைப்பாட்டுப் பெட்டியின் முன்னால் வந்து நின்றார். அதைத் திறப்பதற்கு எங்களிடம் ஒரு ஒழுங்குமுறை உண்டு. மாத முதல் திங்கள், இரண்டு சாட்சிகள், திறப்பு டொக்டோரெஸ்ஸாவின் கைப்பையில். அன்றும் அப்படியே திறந்தோம். உள்ளே ஒரு பஸ் ரிக்கற், பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் சின்னப் படம் ஒன்று, ஒரு பொட்டலம் விபூதி, கொஞ்சம் சில்லறை.

“சில்லறை எதற்கு?” என்றார் ஃபெரெத்தி.

பூட்டுப் போட்டு, மேலே ஒரு கீறல் வெட்டி, வாசலில் தொங்கவிட்ட பெட்டியை எங்கள் சனம் என்னவென்று நினைக்கும்? உண்டியல் என்றுதான். அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை.

“முறைப்பாடுகள்?”

“ஒன்றும் இல்லை” என்று நிமிர்ந்து நின்று சொன்னார் லா ரொக்கா. “இத்தனை வருடத்தில் எங்கள் தமிழ் அங்கத்தவர்களிடமிருந்து ஒன்றுகூட இல்லை. எங்களிடம் இருப்பது அன்பு மாத்திரம்.” அதற்கு ஆதாரமாக அறிக்கையின் பின்னால் ஒரு இணைப்பே சேர்த்திருந்தார். தலைப்பு: ‘அன்பின் சான்றுகள்’. உள்ளே முழுக்க வடை, பற்றீஸ், றோல்ஸ் தட்டங்களின் புகைப்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் கொண்டுவந்தவரின் பெயர், திகதி. சிலவற்றில் தட்டத்தை அணைத்தபடி அவரும் நின்றார்.

ஃபெரெத்தி பக்கங்களைப் புரட்டினார். “முறைப்பாடே இல்லாத நிறுவனம் உலகத்தில் இல்லை, டொக்டோரெஸ்ஸா. முறைப்பாடு வரவில்லை என்றால் அதைக் கேட்கிற காது உங்களிடம் இல்லை. வந்த முறைப்பாட்டை எப்படித் தீர்த்தீர்கள் என்பதற்குத்தான் புள்ளி. அடுத்த மாதம் திரும்ப வருவேன்.”

அவர் போனதும் லா ரொக்கா என்னைக் கூப்பிட்டார். “சிஞ்ஞோர் சிவம், போய் எனக்குக் கொஞ்சம் முறைப்பாடு கொண்டுவாருங்கள்.”

ஒரு மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சுலபமான வேலைதான். யாழ்ப்பாணத்தானிடம் முறைப்பாட்டுக்கா பஞ்சம்? கோயிலில் நின்றால் ஒரு மணித்தியாலத்தில் சாக்கு நிறையச் சேர்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். கதைத்தார்கள். குருக்களைப் பற்றி, குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் விசாவுக்கு நிற்கும் வரிசையைப் பற்றி, கத்தரிக்காய் விலையைப் பற்றி, தங்கள் சொந்தத் தமையனைப் பற்றி வாய் ஓயாமல் கதைத்தார்கள். “மூத்துவாவிலை என்ன குறை?” என்று நான் கேட்ட உடனே எல்லாருக்கும் வாய் கட்டிப்போனது.

“சீச்சீ, ஒரு குறையும் இல்லை அண்ணை. டொக்டோரெஸ்ஸா தங்கமான மனிசி.”

மொண்டெல்லோவில் நான் முன்பு வேலைசெய்த சாப்பாட்டுக்கடைக் குசினிக்கும் போனேன். அங்கேயும் அதே பாட்டுத்தான். ஒருவர் மாத்திரம் தயங்கித் தயங்கி, “சொன்னாக் குறை நினைக்கப்படாது…” என்று தொடங்கினார். ஆவலோடு பேனையை எடுத்தேன். “நீங்கள் முந்தியைவிட நல்லா உடம்பு வைச்சிட்டியள் அண்ணை” என்றார்.

கடைசியில் கபோவுக்குப் போனேன், பரமேஸ்வரி அக்கா வீட்டுக்கு. அவ ஒரு பழைய மாடிக்கட்டடத்தின் படிக்கட்டுகளைக் கழுவுகிறவ. லிப்ற் இல்லாத கட்டடம். முழங்கால் தேய்ந்துபோய், மாற்றவேண்டும் என்று வைத்தியர் எழுதி, நாங்கள் அனுமதியும் கொடுத்திருந்தோம். சத்திரசிகிச்சை முடிந்து பல மாதம் இருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தபோது எண்ணெய் மணம். அக்கா அடுப்புக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் இருந்தபடி றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தா. நிற்க முடியவில்லை. முழங்காலில் பழைய சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது.

“ஆருக்கக்கா இவ்வளவு?”

“கிளினிக்கிலை திகதி குடுக்கிற பெட்டைக்கு ஒரு பங்கு. உங்கடை டொக்டோரெஸ்ஸாவுக்கு ஒரு பங்கு. திகதியைத் திரும்பவும் தள்ளிப் போட்டாங்கள், தம்பி.”

“திரும்பவுமோ? அப்ப முந்தியும் தள்ளினவங்களோ?”

“ஓம். ஒவ்வொரு முறையும் எனக்குப் பிறகு வந்தவைக்குக் குடுத்துப்போட்டு என்னைப் பின்னுக்குத் தள்ளுறாங்கள். அவையள் கவுண்டரிலை நிண்டு கத்துகினம், மேசையிலை அடிக்கினம். எனக்கு ஏலுமோ? படியேறாட்டி வேறை ஆளை எடுக்கப்போறன் எண்டு கட்டடத்து முகாமையாளர் சொல்லிப்போட்டார். வேலை போனா இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கேலாது.” அக்கா ஒரு றோல்ஸைப் பிரட்டிப் போட்டா. “உந்த முழங்காலாலைதான் தம்பி நான் இந்த நாட்டிலை நிக்கிறன்.”

“அக்கா, இதை ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே! முறைப்பாடு எண்டு ஒண்டு இருக்கெல்லே?”

“ஐயோ, குறை சொல்லுறதோ? உதவி செய்யிற ஆக்களிட்டைப் போய் என்னெண்டு குறை சொல்லுறது? அதுதானே ஒவ்வொரு முறையும் பலகாரம் கொண்டந்து தாறனான். ஒண்டும் இல்லாட்டி இந்தக் காலோடை இருந்து பொரிப்பனோ? விளங்கிக்கொள்ளுவினம் எண்டு நினைச்சன்.”

“விளங்கேல்லை அக்கா. ருசியெண்டு மட்டும்தான் விளங்கினது.”

பஸ்ஸில் திரும்பும்போது குளிர்ப்பெட்டிக்குள் வந்த தட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். முறுக்குக் கொண்டுவந்தவரின் இரத்தப் பரிசோதனை தொலைந்துபோயிருந்தது. பணியாரம் தந்த மனிசிக்குக் காதுக்கருவி மறுக்கப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி ஒரே கிழமையில் கிடைத்த செல்வராசா என்ன கொண்டுவந்தார்? ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு வந்து, கையெழுத்து வைத்து, போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். சந்தோஷமான யாழ்ப்பாணத்தான் எதற்கு விடியவெள்ளன எழும்பி எண்ணெய்ச்சட்டி வைக்கப்போகிறான்? எனக்கே இது இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று என்னில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் லா ரொக்காவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

“சிஞ்ஞோர் சிவம், இவ்வளவு காலமும் நான் முறைப்பாடுகளைச் சாப்பிட்டேன் என்கிறீர்களா?”

“நானும்தான், டொக்டோரெஸ்ஸா.”

“அந்த ஆட்டிறைச்சி றோல்ஸ்கூடவா?”

“அது பெரிய முறைப்பாடு.”

அவருடைய முகம் விழுந்துபோனது. பாவமாக இருந்தது. தன்னில் ஒரு சனமே அன்பாக இருக்கிறது என்று நம்பியிருந்த மனிசி. கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றார். ஆனால் அந்த இணைப்பை அறிக்கையிலிருந்து எடுப்போமா என்று கேட்டபோது நாடியைத் தூக்கி ‘இச்’ என்றார். எடுத்தால், இவ்வளவு பேரின் குறை காதில் விழவே இல்லை என்று நாமே எழுதிக்கொடுத்ததாகிவிடும், சான்றிதழ் போய்விடும் என்று பயந்தார். பயம் நியாயமானதுதான். எங்கள் கடிதத்துக்குக் கிளினிக்கிலிருந்து பதிலும் இல்லை.

ஃபெரெத்தி இரண்டாம் முறை வந்த அன்று, காத்திருக்கும் அறையில் இருந்து யாராவது ஒரு அங்கத்தவரைத் தானே தெரிந்தெடுத்துக் கதைக்க வேண்டும் என்றார். கதவைத் திறந்தார். முன்வரிசையில் பரமேஸ்வரி அக்கா, மடியில் வெள்ளித்தாள் மூடிய தட்டத்தோடு. பின்னும் ஒருமுறை தள்ளிவிட்டார்கள் என்று தட்டத்தைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே கூட்டிவந்து இருத்தினோம். மொழிபெயர்ப்பு நான். அதற்கும் ஒரு விதி உண்டு: சொன்னதை மாத்திரம் சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

“நிதியத்தின் சேவையில் ஏதாவது குறை உண்டா?” என்றார் ஃபெரெத்தி.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. உங்கடை காலுக்காகக் கேக்கினம்.”

அக்கா என்னைப் பார்த்தா, டொக்டோரெஸ்ஸாவைப் பார்த்தா. “ஒரு குறையும் இல்லை ஐயா. எல்லாரும் நல்ல மனிசர்.”

விதிப்படி அதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அக்காவில் கோபமும் வந்தது.

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி எழும்பி, தட்டத்தின் வெள்ளித்தாளை விலக்கினா. ஆட்டிறைச்சி றோல்ஸ். அப்பிள் மனிதரின் மூக்குகூட அசைந்தது. ஒன்றை எடுத்தார். “ஆ, இணைப்பில் பார்த்தேனே. சிஞ்ஞோராவுக்குத் திருப்தி என்று எழுதிக்கொள்கிறேன்.”

அவர் வாயைத் திறந்தபோது லா ரொக்கா எழும்பினார்.

“கீழே வையுங்கள், டொக்டர் ஃபெரெத்தி. அது முறைப்பாடு.”

றோல்ஸ் வாய்க்கு முன்னால் நின்றது. லா ரொக்கா பெருமூச்சு விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அன்பு என்று தான் நினைத்தது அன்பு இல்லை என்றும், இந்தப் பெண்ணின் சத்திரசிகிச்சை தள்ளித் தள்ளிப் போனபோது தான் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். “எப்போதெல்லாம் தள்ளினார்கள் என்று கேளுங்கள்.”

அக்காவுக்குத் திகதி ஞாபகம் இல்லை. விரல் மடித்தா. “முதல் தரம் தள்ளேக்கை வடை கொண்டந்தனான்.”

“கடலை வடை! ஈஸ்டருக்கு முந்திய வியாழன்” என்றார் லா ரொக்கா.

“பிறகு பற்றீஸ்.”

“என் மகளின் பிறந்தநாளுக்கு அடுத்த நாள். மீன் வைத்தது. மிளகாய் அதிகம்.”

“பிறகு மரக்கறி றோல்ஸ்.”

“அது ஓகஸ்ட். சூட்டில் மூன்றுதான் சாப்பிட முடிந்தது.”

பலேர்மோக்காரர் எதை மறந்தாலும் சாப்பிட்டதை மறக்கமாட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல ஃபெரெத்தி இணைப்பைப் புரட்டி ஒத்துப்பார்த்தார். ஒரு திகதிகூடப் பிழைக்கவில்லை.

அதோடு லா ரொக்கா விடவில்லை. எங்கள் முன்னாலேயே கிளினிக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கபோச் சந்தையில் மீன் விற்கிற குரலில் கத்தினார். மேசையில் அடித்தார். சாந்தா ரொசாலியாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து ஏழாலையில் பிறந்த பரமேஸ்வரி அக்காவின் தொண்டையிலிருந்து வரமுடியாத கத்தல் முழுவதும் லா ரொக்காவின் தொண்டையிலிருந்து வந்தது. அக்கா பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டா. தொலைபேசியை வைத்தபோது திகதி கிடைத்திருந்தது, அடுத்த கிழமைக்கே.

ஃபெரெத்தி எங்கள் அறிக்கைக் கோவையைத் திறந்தார். ‘அன்பின் சான்றுகள்’ என்ற இணைப்பைக் கிளிப்போடு கழற்றினார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் அதைக் கோவையின் பின்பக்கம், வெறுமையாகக் கிடந்த ‘முறைப்பாடுகள்’ என்ற பிரிவுக்குள் செருகி மூடினார்.

“போன மாதம் உங்களிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. இப்போது பெயரோடு, திகதியோடு, படத்தோடு இவ்வளவு இருக்கிறது. ஒன்று என் கண்முன்னால் தீர்ந்தது. மற்றவற்றைத் தீர்க்க ஆறு மாதம் தருகிறேன். அதுவரைக்கும் நிபந்தனையோடு சான்றிதழ்.” பிறகு கையில் இருந்ததைப் பார்த்தார். “இனி இந்த முறைப்பாட்டைச் சாப்பிடலாமா?”

மூன்று சாப்பிட்டார். அப்பிள் பைக்குள்ளேயே கிடந்தது.

அதற்குப் பிறகு லா ரொக்கா ஒரு புது விதி எழுதிச் சுவரில் ஒட்டினார். அங்கத்தவர் யாராவது உணவு கொண்டுவந்தால், பெறுகிறவர் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்து, என்ன குறை என்று விசாரிக்க வேண்டும். விசாரித்த பின்பே உண்ணலாம். ஆறு மாதத்தில் குளிர்ப்பெட்டி வெறுமையானது. என் அரைப்பட்டியும் பழைய ஓட்டைக்கு வந்தது. முழுச் சான்றிதழ் வந்த அன்று கொண்டாட எங்களிடம் ஒரு வடை இருக்கவில்லை. கடையில் அரன்சினா வாங்கினோம்.

பரமேஸ்வரி அக்கா பெர்மெஸ்ஸோவைப் புதுப்பித்துவிட்டு, எங்கள் படிகளில் ஏறி, வெறுங்கையோடு வந்தா. கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, “இந்தக் கதிரை சரியான பதிவு தம்பி, நிலத்தோடை கிடக்கு. முழங்கால் மாத்தின ஆக்கள் எழும்புறதில்லையோ? ஒருக்கா எழுதிப் போடுங்கோ” என்றா. எழுதினேன். அதைவிடச் சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

2009இல் ஓய்வுபெற்றேன். கடைசி நாள் எங்கள் ஆட்கள் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கையிலும் ஒரு பொட்டலம் இல்லை. என் மனிசிக்குப் பொறுக்கவில்லை. “இவ்வளவு காலம் உழைச்சதுக்கு ஒரு லட்டுக்கும் வழியில்லையோ?” என்றா. எனக்கோ பெருமையில் தலைகால் தெரியவில்லை.

எல்லாரும் போன பிறகு லா ரொக்கா வந்தார். வழமைபோல வாசனை முதலில் வந்தது. கையில் வெள்ளித்தாள் மூடிய பெரிய தட்டம். விலக்கினார். அவரே வீட்டில் செய்த கசாத்தா கேக். ரிக்கொத்தா பாற்கட்டி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

“என்ன குறை, டொக்டோரெஸ்ஸா?” என்று சிரித்துக்கொண்டு கேட்டேன்.

“ஒரு குறையும் இல்லை” என்றார், தமிழில். கண் கலங்கியிருந்தது.

தட்டத்தை வாங்கி மேசையில் வைத்தேன். கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தேன்.